காவல்துறை பற்றி நாடாளுமன்றம் என்ன கேட்கிறது, அரசு என்ன சொல்கிறது: சன்சாத் இணையதளம், ஒரு பயன்பாட்டு மதிப்பீடு

மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் தனித்தனியாக இருந்த பழைய தளங்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து நடத்தப்படுவது சன்சாத் டாட் இன். கட்டணம் இல்லை, பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. கேள்விகள், பதில்கள், நிலைக்குழு (துறைகளை ஆராயும் உறுப்பினர்களின் குழு) அறிக்கைகள், அவைக்குறிப்புகள் (அவையில் பேசியதன் பதிவு), மசோதாக்கள் எல்லாம் உள்ளே கிடக்கின்றன. காவல்துறை விஷயத்தில் ஒன்றிய அரசு என்ன கொள்கை வைத்திருக்கிறது, அதை உறுப்பினர்கள் எந்த அளவுக்குத் துருவிக் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டிய வழக்கறிஞர், செய்தியாளர், மனித உரிமைப் பணியாளர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். சரக்கு முதல் தரம். அடுக்கி வைத்திருக்கும் விதம்தான் சரியில்லை. 5-க்கு 3 கொடுக்கலாம். அந்த 2 ஏன் குறைகிறது என்பதற்குத்தான் கீழே விளக்கம் அதிகம்.

உள்ளே போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் முதல் இனம் பொது ஒழுங்கு, இரண்டாவது இனம் காவல்துறை. அதனால் உள்துறை அமைச்சகத்தின் பதில்களில் பெரும்பகுதி "காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பொருள்கள்" என்ற வரியோடுதான் தொடங்கும். மக்களவை விதி 41-ன்படி, இந்திய அரசின் முதன்மைப் பொறுப்பில் இல்லாத விஷயத்தைக் கேள்வியாகக் கேட்க முடியாது. நீதிமன்ற விசாரணையில் இருப்பதையும் கேட்க முடியாது. சாத்தான்குளம் போன்ற ஒரு குறிப்பிட்ட சம்பவத்தில் "அந்த ஆய்வாளர் மீது என்ன நடவடிக்கை?" என்று தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். விவரம் தெரிந்த உறுப்பினர்கள் கேள்வியை வேறு மாதிரி எழுதுவார்கள்: மாநிலவாரியாக எத்தனை மரணங்கள், மாநிலங்களுக்கு என்ன அறிவுரை அனுப்பப்பட்டது, தேசிய மனித உரிமை ஆணையம் எத்தனை வழக்குகளில் இழப்பீடு பரிந்துரைத்தது. நீங்களும் அந்தச் சொற்களை வைத்துத்தான் தேட வேண்டும்.

ஒன்றிய அரசே நேரடியாகப் பதில் சொல்லக் கடமைப்பட்ட பகுதிகளும் உண்டு. டெல்லி காவல்துறை, சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்திய ஆயுதப்படைகள், ஐபிஎஸ் பணி, என்ஐஏ, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், காவல் நவீனமயமாக்கல் நிதி, குற்றவியல் சட்டங்கள். இவற்றில் பதில்கள் கணிசமாகவே கனமானவை. மாநிலக் காவல்துறை பற்றிய பதிலில் முதல் பத்தியைத் தாண்டி இணைப்பு அட்டவணைக்கே நேராகப் போய்விடலாம்.

தேடும் முறை இது. கேள்விகள் பகுதியில் முதலில் அமைச்சகம் என்ற இடத்தில் உள்துறையைத் தேர்ந்தெடுங்கள். உள்துறைக்கான நாள் மக்களவையில் செவ்வாய், மாநிலங்களவையில் புதன். கூட்டத்தொடர் நடக்கும் வாரங்களில் இந்த இரண்டு நாள்களை மட்டும் கவனித்தால் போதும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி அவையில் வாய்மொழிப் பதிலுக்கானது, குறியிடாததற்கு எழுத்துப் பதில் மட்டும். மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20, குறியிடாதவை 230 வரை. மாநிலங்களவையில் 15, 160. இவை எல்லா அமைச்சகங்களுக்கும் சேர்த்த எண்ணிக்கை. கேள்விகளுக்கு வைக்கப்படும் தலைப்புகள் மிகச் சுருக்கமானவை, ஒரே பொருளுக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தலைப்பு. கஸ்டோடியல் டெத்ஸ், டெத்ஸ் இன் போலீஸ் கஸ்டடி, லாக்கப் டெத்ஸ் என்று எல்லா வடிவங்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே சொல்லில் தேடிவிட்டு "இதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழில் தேடினால் ஒன்றும் வராது.

மக்களவைக் கோப்பின் முகவரியைக் கவனித்தால் வேலை எளிதாகும். அதில் 1712 என்று இருந்தால் 17-ஆவது மக்களவையின் 12-ஆவது கூட்டத்தொடர் என்று பொருள். பிடிஎஃப் பெயர் ஏஎஸ் என்று தொடங்கினால் நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கான பதில், ஏயு என்றால் குறியிடாதது. தளத்தின் தேடுபெட்டி சரியாக ஒத்துழைக்காதபோதும், கேள்வி எண் கையில் இருந்தால் பழைய கோப்புகளைப் பிடித்துவிடலாம். எதையாவது மேற்கோள் காட்டுவதாக இருந்தால் எண், தேதி, அவை மூன்றையும் குறித்து வையுங்கள். எண் மட்டும் போதாது, அடுத்த கூட்டத்தொடரில் அதே எண் வேறொரு கேள்விக்குப் போய்விடும்.

நட்சத்திரக் கேள்வியில் பலர் தவறவிடும் விஷயம் துணைக் கேள்விகள். பிடிஎஃப் கோப்பில் இருப்பது அமைச்சகம் எழுதிக் கொடுத்த பதில் மட்டும். அவையில் எழுந்து உறுப்பினர் கேட்ட துணைக் கேள்வியும், அமைச்சர் வாய்மொழியாகச் சொன்ன பதிலும் அன்றைய அவைக்குறிப்பில்தான் இருக்கும். அதைத் தனியாகத் திறந்து, கேள்வி நேரப் பகுதியைத் தேட வேண்டும். மக்களவையில் அது காலை 11 மணி, மாநிலங்களவையில் பகல் 12 மணி. பட்டியலில் 20 இருந்தாலும் வாய்மொழிக்கு வருவது சிலதான், மற்றவை எழுத்துப் பதிலோடு முடிந்துவிடும். பதில் கோப்பிலிருந்து அந்த அவைக்குறிப்புப் பக்கத்துக்கு ஒரு சுட்டி வைத்திருந்தால் எவ்வளவோ உழைப்பு மிச்சம். அரசு திணறும் இடம் துணைக் கேள்வியில்தான் தெரியும். அதையே கண்ணுக்குத் தெரியாத மூலையில் வைத்திருப்பது தளத்தின் பெரிய குறை.

பதிலைப் படிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். கேள்வி அ, ஆ, இ, ஈ என்று பிரித்துக் கேட்கப்பட்டிருக்கும். பதில் "அ முதல் ஈ வரை" என்று மொத்தமாகக் கட்டப்பட்டிருந்தால், ஏதோ ஒரு பிரிவுக்குப் பதில் இல்லை என்று சந்தேகப்படுங்கள். கேள்வியை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே பதிலின் எந்த வரி வருகிறது என்று குறித்துப் பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும். அதேபோல இரண்டு வாக்கியங்களைப் பிரித்தறிய வேண்டும். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்பது உறுதிமொழி. அது அரசு உறுதிமொழிகளுக்கான குழுவின் கணக்கில் ஏறும். நிறைவேற்ற மூன்று மாதக் கெடு. அமைச்சகம் அவகாசம் கேட்கலாம், கைவிடும்படியும் குழுவிடம் கோரலாம், ஆனால் தானாக மறைந்துவிடாது. "இத்தகவல் மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை" என்பது வேறு. அதோடு கதை முடிந்தது. அதை யாரும் பின்தொடர மாட்டார்கள். சிசிடிவி கேமராக்கள் வேலை செய்கின்றனவா என்பது போன்ற கேள்விகளில் எந்த வாக்கியம் வருகிறது என்று பாருங்கள். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2-ஆம் தேதி உத்தரவிட்டது. பொருத்திய எண்ணிக்கையைக் கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. எத்தனை இயங்குகின்றன, பதிவு எத்தனை நாள் காக்கப்படுகிறது என்று கேட்ட கேள்விகளைத்தான் தேட வேண்டும்.

எண்களில் வரும் சிக்கலுக்குக் காவல் மரணங்களே சரியான உதாரணம். மக்களவையில் உள்துறை கொடுத்த கணக்கின்படி போலீஸ் காவலில் நேர்ந்த மரணங்களாகப் பதிவானவை 2017-18-இல் 146, 2018-19-இல் 136, 2019-20-இல் 112, 2020-21-இல் 100, 2021-22-இல் 175. இது தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு வந்த தகவல். ஏப்ரல் முதல் மார்ச் வரை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் 2020-க்கு 76, 2021-க்கு 88. இது ஜனவரி முதல் டிசம்பர் வரை, மாநிலக் காவல்துறைகளே அனுப்பும் கணக்கு. ஆண்டு எல்லை மட்டுமே காரணம் என்றால் 88-க்கும் 175-க்கும் இவ்வளவு இடைவெளி வராது. காவலில் மரணம் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1993 முதல் இருக்கும் அறிவுறுத்தல்; அதனால் ஆணையத்தின் வலை அகலமானது. இரண்டு அட்டவணைகளும் வெவ்வேறு பதில்களின் இணைப்பாக இதே தளத்தில் இருக்கின்றன. எது எந்த மூலம் என்பது அட்டவணைக்குக் கீழே சிறு எழுத்தில் இருக்கும். அதைப் பார்க்காமல் இரண்டு பதில்களிலிருந்து எண்களை எடுத்து ஒரே வரைபடத்தில் போட்டால் இல்லாத ஏற்றமும் இல்லாத இறக்கமும் தெரியும்.

ஆவணக் காப்பகத்தின் அறிக்கை தாமதமாவதையும் கணக்கில் கொள்ளுங்கள். 2022-க்கான அறிக்கை 2023 டிசம்பரில் வந்தது, 2023-க்கானது 2025 செப்டம்பர் இறுதியில்தான் வந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க "வெளியிடப்பட்ட கடைசி அறிக்கை 2022-க்கானது" என்பதே விடை. அந்தக் காலத்தில் கேட்ட நல்ல கேள்விகளும் இந்தச் சுவரில் மோதித்தான் நின்றன.

பணம் பற்றிய பதில்களில் மூன்று நெடுவரிசைகள் இருக்கிறதா என்று பாருங்கள்: ஒதுக்கீடு, விடுவிப்பு, செலவு. ஒதுக்கீடு மட்டும் இருந்தால் அந்தப் பதில் அரைப் பதில். 2021-22 முதல் 2025-26 வரையிலான காவல் நவீனமயமாக்கல் பெருந்திட்டத்துக்கு 26,275 கோடி ரூபாய் என்று அடிக்கடி படிப்பீர்கள். அதில் பெரும்பங்கு ஜம்மு காஷ்மீர், வடகிழக்கு, நக்சல் பாதிப்புப் பகுதிகளுக்கான பாதுகாப்புச் செலவு. மாநிலக் காவல்துறைகளை நவீனமாக்கும் உதவித் திட்டத்துக்கு உள்ளது 4,846 கோடிதான். பொதுவான மாநிலங்களில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற பங்கு. முந்தைய தவணைக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் வராவிட்டால் அடுத்த தவணை நிற்கும். மாநிலம் தன் பங்கைத் தாமதித்தாலும், கொள்முதல் ஒப்பந்தம் முடியாமல் இழுத்தாலும் சான்றிதழ் வராது. ஒதுக்கீட்டுக்கும் விடுவிப்புக்கும் நடுவில் பள்ளம் தெரிந்தால், முதலில் இந்தச் சான்றிதழ் பாக்கியைத்தான் தேட வேண்டும்.

கேள்விகளைவிடப் பல மடங்கு மதிப்புள்ளவை நிலைக்குழு அறிக்கைகள். தளத்தின் உண்மையான சொத்து இங்கேதான் இருக்கிறது. உள்துறை நிலைக்குழுவில் 31 பேர்: மக்களவை 21, மாநிலங்களவை 10. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. துறைவாரி நிலைக்குழுக்களில் 8 மாநிலங்களவைச் செயலகத்தின் கீழ் வருகின்றன, உள்துறைக் குழு அவற்றில் ஒன்று. மக்களவைப் பக்கத்தில் தேடி அறிக்கை இல்லை என்று திரும்பிப் போகிறவர்கள் நிறைய. மாநிலங்களவைப் பக்கத்தில் குழுக்கள் என்ற இடத்துக்குப் போங்கள்.

முதலில் படிக்க வேண்டியது 237-ஆவது அறிக்கை: காவல்துறைப் பயிற்சி, நவீனமயமாக்கல், சீர்திருத்தம் பற்றியது, 2022 பிப்ரவரியில் வந்தது. அனுமதிக்கப்பட்ட பணியிடம் 26,23,225, அதில் காலியிடம் 5,31,737 என்று கணக்கு வைத்து, ஏறத்தாழ 21 விழுக்காடு பற்றாக்குறை என்று சொன்னது. பெண்கள் 10.3 விழுக்காடுதான் என்றது. 16,833 காவல் நிலையங்களில் 257-இல் வாகனம் இல்லை, 638-இல் தொலைபேசி இல்லை, 143-இல் வயர்லெஸோ மொபைலோ இல்லை என்ற வரியும் இந்த அறிக்கையில்தான். இவை 2020 ஜனவரி 1 நிலவரம், இன்றைய நிலையாக மேற்கோள் காட்டாதீர்கள். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் காவல் சீர்திருத்தத்துக்காக உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்களை மாநிலங்கள் எப்படிச் செயல்படுத்தின என்பதையும் அறிக்கை தொட்டிருக்கிறது. படிக்கும்போது முதல் பக்கத்திலிருந்து போக வேண்டாம். பின்பகுதியில் பரிந்துரைகள் பத்தி எண்ணோடு தொகுக்கப்பட்டிருக்கும், அங்கே தொடங்கி, தேவையான பத்திக்குத் திரும்பி வாருங்கள். அமைச்சகம் குழுவுக்குச் சொன்ன விளக்கம் அந்தப் பத்திக்குச் சற்று மேலே இருக்கும். கூட்டங்கள் பொதுமக்களுக்கும் ஊடகத்துக்கும் மூடியவை என்பதால், அதிகாரிகள் என்ன சொன்னார்கள் என்று அறிய இதைவிட நல்ல வழி இல்லை.

அறிக்கையோடு நிறுத்தினால் பாதி வேலைதான். பரிந்துரைகளுக்கு அரசு மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பிறகு குழு நடவடிக்கை அறிக்கை ஒன்றை வெளியிடும். அதில் பரிந்துரைகளை நான்காகப் பிரிப்பார்கள்: அரசு ஏற்றவை, அரசின் விளக்கத்தைப் பார்த்துக் குழு மேற்கொண்டு வற்புறுத்தாதவை, அரசின் பதிலைக் குழு ஏற்காதவை, இறுதிப் பதில் வராதவை. மூன்றாவது பிரிவைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். குழுவுக்கும் அமைச்சகத்துக்கும் உண்மையான முரண்பாடு எங்கே என்று அங்கே தெரியும். ஆனால் மூல அறிக்கையும் நடவடிக்கை அறிக்கையும் தனித்தனி எண்களோடு பட்டியலில் வெகுதூரம் விலகிக் கிடக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வழி இல்லை. தலைப்பை வாசித்துத்தான் இணைக்க வேண்டும். பரிந்துரை எண்ணைக் கொடுத்தால் அதன் இன்றைய நிலை வரும்படி ஒரு பக்கம் அமைத்தால் 5-க்கு 4 தயங்காமல் கொடுப்போம்.

குழு ஆய்வு வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு பிரிவைக் காட்டலாம். 2023 ஆகஸ்ட் 11-ஆம் தேதி அறிமுகமான மூன்று குற்றவியல் மசோதாக்கள் இந்தக் குழுவுக்கு வந்தன. 246, 247, 248-ஆவது அறிக்கைகள் நவம்பரில் வந்தன. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா மசோதாவின் 43(3)-ஆவது பிரிவு, யாருக்குக் கைவிலங்கு போடலாம் என்ற பட்டியலில் பொருளாதாரக் குற்றங்களையும் சேர்த்திருந்தது. அதை நீக்கும்படி 247-ஆவது அறிக்கை சொன்னது. டிசம்பரில் திரும்ப அறிமுகமான மசோதாவில் அது இல்லை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்திலும் இல்லை. அதே அறிக்கை 187-ஆவது பிரிவில் 15 நாள் போலீஸ் காவலை எப்போது கேட்கலாம் என்பதற்குத் தெளிவு வேண்டும் என்றும் சொன்னது. அந்த 15 நாளை முதல் 40 அல்லது 60 நாளுக்குள் பகுதி பகுதியாகப் பிரித்து எடுக்கும் வழி சட்டத்தில் அப்படியே நிற்கிறது. ஒரு பரிந்துரை சட்டத்தில் ஏறியது, இன்னொன்று விரும்பிய தெளிவைத் தரவில்லை. மூன்று ஆவணங்களை, அதாவது ஆகஸ்ட் மசோதா, 247-ஆவது அறிக்கை, நிறைவேறிய சட்டம் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து இந்த இரண்டு பிரிவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அறிக்கைகளின் கடைசியில் ப. சிதம்பரம், என்.ஆர். இளங்கோ உள்ளிட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்களின் மாற்றுக் கருத்துக் குறிப்புகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன, விடாமல் படியுங்கள். இரு அவைகளிலும் சேர்த்து 140-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இடைநீக்கத்தில் இருந்த வாரத்தில் மசோதாக்கள் நிறைவேறின. அதனால் எதிர்ப்பு வாதம் விரிவாக எழுத்தில் பதிந்திருக்கும் இடம் அவைக்குறிப்பைவிட இந்தக் குறிப்புகளே.

துணைக்கு வேறு இரண்டு இடங்கள் உண்டு. உள்துறை அமைச்சகத் தளத்தில் அதன் நாடாளுமன்றப் பதில்கள் மட்டும் தனியாகக் கிடைக்கும். அமைச்சகம் உறுதியாகத் தெரிந்திருந்தால் அங்கே தேடுவது வேகம். பிஆர்எஸ் ஆய்வு அமைப்பு, குழு அறிக்கைகளைச் சில பக்கங்களுக்குள் சுருக்கித் தருகிறது, உள்துறை மானியக் கோரிக்கைக்கும் (துறைச் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பது) ஆய்வு எழுதுகிறது. நேரம் இல்லாதவர்களுக்கு அது போதும். வாதாடப் போகிறவர்கள் மூல அறிக்கைக்கே போக வேண்டும், சுருக்கத்தில் அமைச்சகத்தின் விளக்கம் பெரும்பாலும் விடுபட்டுப்போகும்.

தமிழக வாசகருக்கு இங்கே ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. காவல்துறை மாநிலப் பொருள் என்றால் ஆய்வு நடக்க வேண்டியது சட்டமன்றத்தில். கேரளத்தில் துறைவாரிப் பொருள் குழுக்கள் மானியக் கோரிக்கைகளை எடுத்து ஆராய்கின்றன. தமிழகத்தில் அப்படி நிலைக்குழு இல்லை. காவல்துறைக்கான மானியக் கோரிக்கை எண் 22-க்குக் கொள்கை விளக்கக் குறிப்பு வரும். தமிழிலும் ஆங்கிலத்திலும் தமிழக அரசின் தளத்தில் அது கிடைக்கிறது, தமிழில் படிக்க முடிகிற ஒரே நல்ல ஆவணம் என்றே சொல்லலாம். பணியிட எண்ணிக்கை, குற்றப் புள்ளிவிவரம், புதிய கட்டடங்கள், வாகனங்கள் எல்லாம் இருக்கும். அவையில் வெட்டுத் தீர்மானங்கள் (கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்பவை), ஓரிரு நாள் விவாதம், அமைச்சரின் பதிலுரை, புதிய அறிவிப்புகள் என்று முடிந்துவிடும். அதிகாரிகளை உட்கார வைத்து எதிர்க்கேள்வி கேட்கும் கட்டமே கிடையாது.

அதனால் கொள்கை விளக்கக் குறிப்பைத் தனியாகப் படிக்காமல் முந்தைய இரண்டு ஆண்டுக் குறிப்புகளோடு வைத்துப் படியுங்கள். போன ஆண்டின் அறிவிப்புகளில் எது இந்த ஆண்டு "பணி நடைபெற்று வருகிறது" என்று மாறியது, எது பெயரே இல்லாமல் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். விடுபட்டதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். அறிவிப்பு எண், அரசாணை எண், ஒதுக்கிய தொகை, விடுவித்த தொகை, செலவான தொகை, முடிந்த தேதி என்று ஆறு நெடுவரிசை போட்டு, அந்த வடிவத்திலேயே நிரப்பித் தரும்படி எழுதுங்கள்.